புயல் கூண்டு ஏறினால் அஞ்சுகம் வீட்டில் கூட்டம்

ஏலத்தில் அஞ்சுகம் கையைத் தூக்குவதில்லை. மற்றப் பெண்கள் விரலைக் காட்டுவார்கள், தலையை அசைப்பார்கள், சிலர் ஏலக்காரரைக் கண்ணால் பார்த்தே கேட்டுவிடுவார்கள். அஞ்சுகத்துக்கு வாய்தான். அவள் தொகையைச் சொன்னால், மணலில் ஏற்றி வைத்திருக்கும் கடைசிப் படகு வரைக்கும் அது கேட்கும். வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், "மாணிக்கவேலு பொண்டாட்டி கட்டுனானா, சங்கு வாங்குனானா?" என்று கரையில் கேலி பேசினார்கள். "சங்க யாராச்சும் எடுத்து ஊதணும். நான் தானாவே ஊதுவேன்" என்று அவள் திருப்பிக் கொடுத்த பிறகு அந்தக் கேலி நின்றது.

காரைக்கால் பக்கத்துத் திருவேட்டக்குடிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அவர்களுடைய கடலோரக் குப்பம். விடிவதற்குள் ஃபைபர் படகுகள் கரையேறும். தகரக் கூரை போட்ட ஏலக் கூடத்தில் மீன் குவியும். அஞ்சுகம் தன் பங்குக்கு இரண்டு மூன்று கூடை எடுத்து, அலுமினியச் சட்டியில் ஐஸ் தூவி, ஷேர் ஆட்டோவில் தலத்தெருவுக்கு விற்கப் போவாள். மகள் வினோதினி நர்சிங் படிப்பதும், வீட்டுக்குக் காங்கிரீட் கூரை வந்ததும் அந்தச் சட்டியால்தான். விற்றது போக மிஞ்சுவதை உப்பில் போடுவதற்கு, வீட்டின் பின்புறம் அவள் பேரில் ஒரு கருவாட்டுக் கொட்டகை உண்டு. கணவன் மாணிக்கவேல், முகிலன் என்பவனோடு கூட்டாக வாங்கிய படகில் கடலுக்குப் போகிறவர். பேச்சைச் செலவழிக்காத மனிதர். "நம்ம வீட்டுக்கு ஒரு வாய் போதும்" என்பார், யாராவது கேட்டால்.

அந்தக் கருவாட்டுக் கொட்டகைதான் பின்னால் ஊரை இரண்டாக்கியது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வைகாசி மாதம். காரைக்கால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகுகள் அத்தனையும் மேட்டில் ஏறிவிட்டன. சாலையோர ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த வடக்கத்தி ஆட்கள் தங்கியிருந்த அறையின் கூரைத் தகடு காற்றில் பறந்துபோனது. நனைந்த துணி மூட்டைகளோடு அவர்கள் தெருவில் நிற்பதைப் பார்த்து, "கருவாட்டு நாத்தம் தாங்குவீங்கன்னா உள்ள வாங்க" என்று அஞ்சுகம் கொட்டகையைத் திறந்துவிட்டாள். அக்கம்பக்கத்தில் ஓட்டு வீட்டுக்காரர்களும் காற்றுக்குப் பயந்து அங்கேயே வந்து ஒண்டினார்கள்.

சாயங்காலம் முகிலன் கைப்பேசியில் செய்தியைப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "புயல் திரும்பிடுச்சு! வடக்க போவுது!"

கொட்டகை முழுவதும் கைதட்டல். அஞ்சுகமும் தட்டினாள். மூன்று தலைமுறையாகக் கடலோரத்தில் அப்படித்தான் தட்டி வருகிறார்கள். புயல் திரும்பினால் உயிர் பிழைத்தது என்று பொருள். தட்டிய கை அடங்கும்போதுதான், மூலையில் இருந்த வடக்கத்தி ஆட்களில் ஒருவர்கூடத் தட்டவில்லை என்பதை அவள் கவனித்தாள். நூருல் அமீன் என்ற முப்பது வயதுக்காரன் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே மழைக்குள் போனான். அவன் பக்கத்தில் இருந்த சுசாந்தா தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டான்.

"என்னடா ஆச்சு இவனுவளுக்கு?" என்றாள்.

சுசாந்தாவுக்குத் தமிழ் அரைகுறை. "அக்கா... வடக்குல எங்க வீடு" என்றான். "எனக்கு ஒடிசா. அமீனுக்கு வங்காளம், கடலோரம். இங்கேருந்து போனா அங்கதான் வரும்."

அஞ்சுகம் தட்டிய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தக் கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். மழையில் நின்றவனை இழுத்து வந்து உட்கார வைத்தாள். அவன் தாயோடு பேச இணைப்புக் கிடைக்கும் வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள். கிடைக்க வெகுநேரம் ஆனது. சும்மா உட்கார்ந்தால் நெஞ்சு கனக்கிறதே என்று, தலத்தெருவில் ஓர் அம்மாள் அரைக்கிலோ நெத்திலிக்கு அரைமணி நேரம் பேரம் பேசிய கதையை அவளே நடித்துக் காட்டினாள். மொழி புரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். சுசாந்தா சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துத் தாளம் போட்டு, தன் ஊரில் யானை ஊருக்குள் வந்த கதையைப் பாதி பாட்டும் பாதி நடிப்புமாகச் சொன்னான். பக்கத்து வீட்டுப் பெண்கள் கும்மி அடித்தார்கள். அமீனின் தாய் தொடர்பில் வந்து, கூரை போனது, மாடு பிழைத்தது என்று சொன்ன பிறகுதான் கூட்டம் கலைந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமானது. புயல் கூண்டு ஏறினால் அஞ்சுகம் வீட்டில் கூட்டம். அதற்கு ஒரே ஒரு சட்டம்தான். இங்கே கூண்டு இறங்கினால் போதாது. புயல் எங்கே போகிறதோ அங்கேயும் இறங்க வேண்டும். அதுவரைக்கும் பாட்டும் கதையும் நடிப்பும் நடக்கும். ஊர்க்காரர்கள் மறுநாள் கடலுக்குப் போய்த் திரும்பி வந்தாலும், மாலையில் கொட்டகையில் விளக்கு எரியும்.

அமீன் தமிழ் கற்றுக்கொண்டது ஏலக் கூடத்தில். விடியற்காலையில் மூன்று சக்கர வண்டியில் ஐஸ் கொண்டுவந்து இறக்கும்போது அவன் காதில் விழுந்ததெல்லாம் ஏலத் தமிழ். தேநீர்க் கடையில் வடை கேட்டால்கூட, கடைக்காரர் தாமதித்தால், "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்பான். பிறகு ஓர் ஐப்பசிப் புயலின்போது கொட்டகையில் அவன் ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஏலக்காரர் கதிரவனாக மாறினான். கதிரவன் ஊர்ப் பஞ்சாயத்து அமர்த்திய ஏலக்காரர். இடது காலை முன்னால் நீட்டி, கண்ணை மூடி, இரண்டாம் தரத்தில் மூச்சை அடக்கி, மூன்றாம் தரத்தை வெடி போலப் போடுபவர். அத்தனையும் அப்படியே வந்தது. கூடையில் மீனுக்குப் பதில் ஒரு பழைய செருப்பை வைத்து அமீன் ஏலம் விட்டான். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ அதைப் படம் பிடித்தார்கள். இரண்டே நாளில் கோட்டுச்சேரி சந்தை வரைக்கும் ஒவ்வொரு கைப்பேசியிலும் அந்தச் செருப்பு ஏலம் போய்க்கொண்டிருந்தது.

கதிரவன் பஞ்சாயத்தைக் கூட்டினார்.

கோயில் வாசலில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் அந்த வட்டத்துக்குள் வருவது அங்கே வழக்கமில்லை. மாணிக்கவேலுக்குத்தான் ஆள் அனுப்பினார்கள். ஆனால் அவர் பின்னாலேயே அஞ்சுகமும் வந்து நின்றாள்.

ஊர்த் தலைவர் சோமசேகரன் முகத்தைச் சுளித்தார். "பொம்பளைய யாரு கூப்டா? மாணிக்கவேலு, ஓன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவரு வாயில ஒண்ணுமில்ல, மாமா. கொட்டகை எம்பேர்ல இருக்கு. அதான் நான் வந்தேன்" என்றாள் அஞ்சுகம்.

கதிரவன் எழுந்து நின்று பேசினார். "எத்தன வருசமா கூவுறேன்! இன்னிக்கி மார்க்கெட்டுக்குப் போனா மீன் வெட்டுற பய 'ஒரு தரம்'ங்குறான். பஸ்ல ஏறுனா கண்டக்டர் 'ரெண்டு தரம்'ங்குறான். நான் எங்க போயி எறங்குறது?"

"மூணாந் தரத்துல எறங்குங்கண்ணே" என்று பின்வரிசையில் ஒருவன் முனகினான். சிரிப்பை அடக்கிய இருமல்கள் நாலா பக்கமும் கேட்டன. கதிரவனின் முகம் கறுத்தது.

அஞ்சுகம் சிரிக்கவில்லை. "அண்ணே, நீங்க கூவுறது அழகா இருக்கப்போயித்தான் அவன் எடுத்து வச்சிக்கிட்டான். வளவளன்னு கூவுறவன யாரு நடிச்சிக் காட்டுவா? என்னையுந்தான் செஞ்சான், நான் தலத்தெருவுல பேரம் பேசுறத. நான் பஞ்சாயத்துக் கூட்டுனனா? படம் புடிச்சி அனுப்புனது தப்பு. அத நம்ம ஊருப் பய செஞ்சான். அவனக் கூப்டுங்க, நானே நாலு கேக்குறேன்."

"பொழைக்க வந்தவன் ஊர்ப் பெரியவரக் கேலி பண்றான். நீ எடம் குடுத்து வக்கிற" என்றார் சோமசேகரன். "நாளைக்கு ஊரையே ஏலம் போடுவான்."

"சுனாமி முடிஞ்சி நாம எல்லாரும் கல்யாண மண்டபத்துல படுத்துக் கெடந்தோமே, மாமா. சோத்துப் பொட்டலம் கொண்டாந்தவன் எந்த ஊரு, என்ன பாஷைன்னு கேட்டுட்டா வாங்கித் தின்னோம்? நாம அன்னிக்கு யாருக்கோ வடக்கத்தி ஆளுவதான்."

வட்டத்தில் சிலர் தலையைக் குனிந்தார்கள். சோமசேகரன் மட்டும் குனியவில்லை. தீர்ப்புச் சொன்னார். நூருல் அமீன் கோயில் வாசலில் ஊர் முன்னிலையில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கொட்டகையில் இனிக் கூட்டம் கூடக் கூடாது. இரண்டுக்கும் இணங்கும் வரையில் ஏலத்தில் அஞ்சுகம் கேட்டால் ஏலக்காரர் காதில் வாங்க மாட்டார்.

"விழ மாட்டான்" என்றாள் அஞ்சுகம். "அவன் நெத்தியத் தரையில வக்கிறது ஒருத்தருக்கு முன்னாடி மட்டுந்தான். அந்த ஒருத்தர் இந்த வட்டத்துல ஒக்காந்துருக்கறதா எனக்குத் தெரியல."

திரும்பி நடந்தாள். மாணிக்கவேல் செருப்பைத் தேடுவதற்குள் அவள் தெருமுனை தாண்டிவிட்டாள்.

மறுநாள் விடியலில் அவள் சட்டியோடு ஏலக் கூடத்துக்குப் போனாள். முதல் கூடை சங்கரா. கதிரவன் கூவினார். பக்கத்தில் நின்ற பெண் எண்ணூறு என்றாள். அஞ்சுகம், "ஆயிரம்!" என்றாள். கடைசிப் படகு வரைக்கும் கேட்டது. கதிரவனுக்கு மட்டும் கேட்கவில்லை. "எண்ணூறு ஒரு தரம், எண்ணூறு ரெண்டு தரம், எண்ணூறு மூணு தரம்!" கூடை எண்ணூறுக்குப் போனது. அடுத்த கூடை கெளுத்தி. மறுபடியும் அவள் உரக்கக் கேட்டாள். மறுபடியும் குறைந்த விலைக்குப் போனது. சட்டி காலியாகவே வீடு திரும்பியது.

அன்று மாலை அமீன் வந்தான். சுசாந்தா வேலியோரம் நின்றுகொண்டான்.

"அக்கா, நான் விழறேன். விழுந்தா ஒடம்புக்கு என்ன? எந்திரிச்சிக்கலாம். காலையில ஓங்க சட்டி காலியா போச்சி. ஐஸ் வண்டியிலேருந்து பாத்தேன். எனக்குச் சாப்பாடு எறங்கல."

"நீ விழுந்தா எந்திரிச்சிக்குவ, தம்பி. நான் எந்திரிக்க முடியாது" என்றாள் அஞ்சுகம். "போயி வேலையப் பாரு. மறுபடி கூண்டு ஏறுனா வந்து சேரு."

வீட்டுக்குள் மாணிக்கவேல் சோற்றைப் பிசைந்தபடி, "கருவாட்ட வித்து எத்தன நாளு ஓட்டுவ?" என்று கேட்டார்.

"இருக்கற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறமும் போயிக் கேப்பேன். வாய் என்னுதுதானே? ஊரா வாங்கிக் குடுத்துச்சி?"

அவள் சொன்னபடியே செய்தாள். கொட்டகையில் இருந்த கருவாடு தலத்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. "என்ன அஞ்சுகம், பச்சை மீனே கண்ணுல காட்டலயே?" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்டபோது, "கடலுக்கு என்மேல கோவங்க" என்று சிரித்துச் சமாளித்தாள். ஆனால் ஒரு விடியல்கூட ஏலக் கூடத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. ஒவ்வொரு கூடைக்கும் நியாயமான விலையை, மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாக, உரக்கக் கேட்டாள். கதிரவன் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டார்.

இதில் ஒரு சங்கதியைப் பஞ்சாயத்து யோசித்திருக்கவில்லை. ஏலக்காரருக்குத்தான் அவள் கேட்பது காதில் விழக் கூடாது; மீன் பிடித்து வந்தவர்களுக்கு விழுந்தது. இரவெல்லாம் அலையில் கிடந்து பிடித்த மீனுக்கு ஒருத்தி ஆயிரம் சொல்கிறாள். கண்ணெதிரே அது எண்ணூறுக்குப் போகிறது. ஒரு நாள் பொறுக்கலாம், இரண்டு நாள் பொறுக்கலாம். படகுக்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வாங்குகிற பெண்களோ, "ஓன் புண்ணியத்துல எங்களுக்கு மலிவுடி, கத்து, நல்லாக் கத்து" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனார்கள். அது ஏளனமா, நன்றியா என்று அவள் ஆராயவில்லை.

கார்த்திகை பிறந்த வாரம், மாணிக்கவேலும் முகிலனும் கரையேறினார்கள். வலையில் நல்ல கொடுவா. வெகுநாளாகக் கிடைக்காத மீன். கூட்டுப் படகு ஆகையால் சொந்தப் பெண்டாட்டியானாலும் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். கதிரவன் கூவத் தொடங்கினார். இரண்டாயிரத்தில் நின்றது.

"ரெண்டாயிரத்து ஐநூறு!" என்றாள் அஞ்சுகம்.

கதிரவன் கண்ணை மூடினார். "ரெண்டாயிரம் ஒரு தரம்..."

"யோவ், எங்க மீனுய்யா!" என்று முகிலன் குதித்தான். "அண்ணி கேட்டது காதுல விழலயா?"

"ரெண்டாயிரம் ரெண்டு தரம்..." கதிரவன் வழக்கம்போல மூச்சை அடக்கினார்.

அந்த இடைவெளியில், வாழ்நாளில் ஏலக் கூடத்தில் வாயே திறந்திராத மாணிக்கவேல் கூடையின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினார். "ரெண்டாயிரத்து ஐநூறு மூணு தரம்!" என்று சொன்னார். குரல் பெரிதாக வரவில்லை, பழக்கமில்லாத தொண்டை. ஆனாலும் சொல்லிவிட்டார். கூடையைக் கொண்டுபோய் மனைவியின் சட்டியில் கவிழ்த்தார்.

ஏலக்காரரைத் தவிர வேறொருவர் மூன்றாம் தரம் சொல்வது அந்தக் கரையில் கேள்விப்படாத காரியம். கதிரவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அன்று மீதிக் கூடைகளைப் படகுக்காரர்களே ஆளுக்கொரு பக்கமாக விற்றுத் தீர்த்தார்கள்.

"கொழுக்கட்டை எறங்கிடுச்சா?" என்று வீட்டில் அஞ்சுகம் கேட்டாள். மாணிக்கவேல் கொடுவாக் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

பஞ்சாயத்து அவரைக் கேள்வி கேட்பதற்கு முன்பு கடல் முந்திக்கொண்டது. துறைமுகத்தில் கூண்டு ஏறியது.

ஊர் முழுக்க ஒரே பேச்சு: கூட்டம் நடக்குமா? மாலையில் அஞ்சுகம் கொட்டகையைப் பூட்டினாள். பார்த்தவர்கள், அடங்கிவிட்டாள் என்று நினைத்தார்கள். அவளோ பாயைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி, சுசாந்தாவும் அமீனும் பின்னால் தயங்கித் தயங்கி வர, நேரே ஏலக் கூடத்துக்குப் போய்ப் பாயை விரித்தாள்.

சோமசேகரன் குடையோடு ஓடிவந்தார். "என்ன நெனச்சிக்கிட்டுருக்க நீ?"

"கொட்டகையில கூடக் கூடாதுன்னுதானே தீர்ப்பு, மாமா? கூடல. பூட்டிட்டேன். இது ஊருக்குப் பொது. எங்க வீட்டுத் தலைக்கட்டு வரியும் இந்தத் தகரத்துல இருக்கு. எங்க பங்குக்கு எத்தன தகரம்னு சொல்லுங்க, அதுக்குக் கீழ மட்டும் ஒக்காந்துக்கறோம்."

அவர் தகரத்தை அண்ணாந்து பார்ப்பதற்குள் முகிலன் வந்து பாயில் உட்கார்ந்தான். கும்மிப் பெண்கள் வந்தார்கள். விலை குறைந்து நொந்த படகுக்காரர்கள் வந்தார்கள். காதோரம் பேசிவிட்டுப் போன மீன்காரிகளும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் அவளுக்காக வந்தார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். தலைவர் குடையை மடக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை, ஓரமாக நின்றார்.

சுசாந்தாவின் யானை வந்து போனது. தலத்தெருப் பேரம் வந்து போனது. பிறகு அஞ்சுகம் அமீனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். கூடத்துக்கு வெளியே, கூரை இறவாணத்துத் தண்ணீர் முதுகில் சொட்ட, கதிரவன் கடலைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"நீ செய்யலன்னா நான் செய்வேன்" என்றாள் அஞ்சுகம். துண்டைத் தலையில் கட்டினாள். இடது காலை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, "எண்ணூறு ஒரு தரம்!" என்றாள். எதிரே நின்ற முகிலன், பெண் குரலில், "ஆயிரம்! ஆயிரம்!" என்று கத்தினான். அவள் காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டு, "எண்ணூறு ரெண்டு தரம்" என்றாள். தகரக் கூரை அதிரும்படி கூட்டம் சிரித்தது. சோமசேகரனின் குடை மட்டும் அசையாமல் நின்றது. வெளியே கதிரவனின் தோள் குலுங்கியதைச் சிலர் பார்த்தார்கள். கோபத்திலா, சிரிப்பிலா என்பது முதுகைப் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் அங்கிருந்து போகவில்லை.

அப்போதுதான் முகிலனின் கைப்பேசி ஒலித்தது. பார்த்தான். வாயைத் திறந்தான், பழைய வழக்கப்படி கத்தப் போனவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். மெல்லச் சொன்னான்: "திரும்பிடுச்சி. வடக்க போவுது."

ஒரு கைகூடத் தட்டவில்லை.

கூட்டத்தில் இருந்த ஒரு கிழவர் அனிச்சையாகத் தூக்கிய கையைத் தன் மடியில் மெதுவாக இறக்கிக்கொண்டார். கும்மிப் பெண்களில் ஒருத்தி அமீனிடம், "ஊட்டுக்குப் பேசுப்பா மொதல்ல" என்றாள். அஞ்சுகம் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காரைக்காலில் கூண்டு இறங்கியது. படகுகள் போய் வந்தன. விடியலில் ஏலக் கூடம் வழக்கம்போலக் கூடியது. தீர்ப்பை யாரும் மாற்றவில்லை. மாற்றும்படி அஞ்சுகமும் கேட்கவில்லை. சட்டியோடு வந்து நின்றாள். கதிரவன் அவள் பக்கம் பார்க்காமலேயே கூவத் தொடங்கினார். காரப்பொடி மீன் கூடை அறுநூறில் நின்றது.

"எழுநூறு!" என்றாள் அஞ்சுகம்.

கதிரவன் கண்ணை மூடினார். கூடம் முழுவதும் அந்தக் கண்ணையே பார்த்தது. இடது கால் முன்னால் நீண்டது.

"எழுநூறு ஒரு தரம். எழுநூறு ரெண்டு தரம்." மூச்சை அடக்கினார். "எழுநூறு மூணு தரம்!"

கூடையை அவள் பக்கம் காலால் தள்ளினார். அடுத்த கூடைக்குக் குனிந்தபடியே, யாரிடமோ கேட்பது போலக் கேட்டார்: "அங்க எறங்கிடுச்சா?"

"இன்னும் இல்லண்ணே" என்றாள் அஞ்சுகம், கடைசிப் படகு வரைக்கும் கேட்கும்படி. "சாயங்காலம் இங்கயே கூட்டம் இருக்கு. செருப்பு ஏலத்த அமீனே செய்யிறான். வந்து முன்னாடி ஒக்காந்து பாருங்க."